ஐஸில் கை வைத்தால் காய்ச்சல்

பணி ஓய்வு விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். கழுத்தில் மாலை உறுத்தியது, முழங்கால் வலித்தது. "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மேடையை விட்டு இறங்கும்போது, எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்திருந்த நித்யா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, காலேஜ்ல எங்களுக்கு அந்த கேஸ்டெர்மின் புரதத்தை ஒரே ஒரு ஸ்லைடுல நடத்திட்டுப் போயிட்டாங்க. செல்லோட சுவர்ல ஓட்டை போடும், செல் வெடிக்கும், அழற்சி வரும், அவ்வளவுதான். நீங்க அது இன்னதுன்னு தெரியறதுக்கு முன்னாடியே பார்த்திருக்கீங்களாமே?"

பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதைச் சொல்லத் தெம்பில்லை. "அப்புறம் சொல்றேன்மா" என்று ஆட்டோ ஏறிவிட்டேன். இப்போதும் தெம்பு கூடிவிடவில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்வி மனசில் கிடந்து அரிக்கிறது. அந்த ஒரு ஸ்லைடுக்குள் ஒரு பெண் இருக்கிறாள். அவளைப் பற்றி யாராவது எழுதிவைக்க வேண்டும்.

நான் தண்டையார்பேட்டைக்காரி. அத்தா பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டிய பெண் நான்தான். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் சளி, சிறுநீர், மலேரியா ஸ்லைடு என்றே போயின. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் வரிசை நிற்கும், மதியம் தீரும், மறுநாள் திரும்ப நிற்கும்.

பிறகு என்னை நோய் எதிர்ப்பாற்றல் பிரிவுக்கு மாற்றினார்கள். பெயர்தான் பெரிது. இரண்டு அறை, ஒரு பழைய மைக்ரோஸ்கோப், ஒரு சென்ட்ரிஃபியூஜ், சூடு மாறாமல் தண்ணீரை வைத்திருக்கும் ஒரு வாட்டர் பாத், இயந்திரங்களுக்காகப் போட்ட ஒரு ஏசி. இவற்றுக்கெல்லாம் தலைவி டாக்டர் வேதநாயகி.

குள்ளமான அம்மா. கைத்தறிப் புடவைமேல் வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பைகளுக்குள் இரண்டு கைகளும். உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பின்னால் வந்து நிற்பது கூடத் தெரியாது. "என்ன பார்த்தே?" என்ற குரல் கேட்கும்போதுதான் தெரியும்.

"செத்துப்போன செல்லு, மேடம்."

"செத்துப்போச்சுன்னு நீ எப்படிச் சொல்றே? என்ன பார்த்தியோ அதைச் சொல்லு."

நான் திரும்பக் கண்ணை வைத்துப் பார்ப்பேன். "உப்பியிருக்கு மேடம். கண்ணாடி மாதிரி வெளுத்திருக்கு. நடுவுல கரு மட்டும் சிவப்பா இருக்கு."

"ம். இப்ப சொல்லு."

"சிவப்புச் சாயம் உள்ள போயிருக்கு. அப்போ சுவர்ல எங்கயோ வழி இருக்கு."

"சரி. மறுபடியும் பண்ணு."

எது சரியாக வந்தாலும் மறுபடியும், தப்பாக வந்தாலும் மறுபடியும். இதற்காகவே வேலையை விட்டு ஓடியவர்கள் உண்டு. அவர் திட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. அதுதான் இன்னும் சிரமம். திட்டியிருந்தால் பதிலுக்கு மனசுக்குள் நாமும் திட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். அதற்கு எப்போதும் தன் கையைத்தான் நீட்டுவார். "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் குத்தறோம். நம்ம கையும் வலிக்கட்டும்" என்பார். குத்திக் குத்தி அவர் கை நரம்பு கயிறு மாதிரி கெட்டியாகிவிட்டது. ஊசி வழுக்கும். நான் தடவித் தேடிக்கொண்டிருப்பேன், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்தப் பிரிவில் நான் சேர்ந்த கொஞ்ச நாளில் துறைமுகத் தொழிலாளி ஒருவரைச் சேர்த்தார்கள். நல்ல உடம்பு. துருப்பிடித்த தகடு காலில் கிழித்து, புண் வழியாக ரத்தம் முழுக்கக் கிருமி பரவியிருந்தது. மருந்து கொடுத்தார்கள். அடுத்து எடுத்த ரத்தத்தில் கிருமி வளரவில்லை. வார்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை, ரத்த அழுத்தம் விழுந்தது, ஒவ்வொரு உறுப்பாக நின்றது. அவருடைய மனைவி கேட்டது எனக்குக் காதிலேயே நிற்கிறது. "கிருமி பூட்ச்சின்னு சொன்னீங்களே மேடம். அப்பறம் எதுல செத்தாரு?"

டாக்டர் நேராக லேபுக்கு வந்தார். இறந்தவருடைய ரத்தத்திலிருந்து பிரித்து வைத்திருந்த வெள்ளை அணுக்களை என்னைப் பார்க்கச் சொன்னார். பாதிக்கு மேல் உப்பிக் கிழிந்து கிடந்தன.

அன்றைக்குத்தான் எனக்கு அதை விளக்கினார். செல் சாவதில் இரண்டு விதம். ஒன்று, சத்தமில்லாமல் சுருங்கி, பொட்டலம் பொட்டலமாகப் பிரிந்து, பக்கத்துச் செல்கள் விழுங்கிவிட, வெளியே தெரியாமல் போவது. நம் உடம்பில் எப்போதும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. இன்னொன்று, உப்பி, சுவரில் ஓட்டை விழுந்து, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொட்டிவிட்டுச் சாவது. கொட்டுகிறதில் காய்ச்சலைக் கிளப்பும் பொருளும் உண்டு. கிருமி புகுந்த செல் தன்னையே அழித்துக்கொண்டு ஊரைக் கூப்பிடுகிறது. அளவாக இருந்தால் அது காவல். எல்லா செல்லும் ஒரே நேரத்தில் கூப்பிட ஆரம்பித்தால், வந்தவனை விட்டுவிட்டு வீட்டையே இடித்துவிடும்.

"ஓட்டையை யாரு போடறாங்க மேடம்?" என்று கேட்டேன்.

"தெரியாது. செல்லே தனக்குப் போட்டுக்குதுன்னு நினைக்கிறேன். எதை வெச்சுன்னு தெரியாது."

செல்வி வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து.

காசிமேட்டுப் பெண். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் இறால் தரம் பிரிக்கும் வேலை. ஐஸ் தண்ணீரில் கையை விட்டு, சின்னது பெரியது பார்த்துக் கூடைக்கு மாற்ற வேண்டும். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒல்லியான உடம்பு, கண்ணுக்குக் கீழே கருமை. மாமியார் கனகம்மாதான் கூட்டிவந்தாள். வெளிநோயாளிப் பிரிவில் ரத்தப் பரிசோதனைக்கு எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

நான் ஊசியை எடுப்பதற்குள் கனகம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"யம்மா, இவளுக்கு இன்னா நோவுன்னு பாத்து சொல்லுங்க. நோவு இல்லேன்னா அதயும் சொல்லிடுங்க. ஐஸ்ல கை வெச்சா இவளுக்கு ஜொரம் வருதாம். காசிமேட்ல பொறந்துட்டு ஐஸ் ஆவாதுன்னா எப்பிடி? நாங்கள்லாம் இன்னா கல்லா? பாதி நாளு வேலைக்கு போவாம படுத்துக்குனு கீறா. ஷெட்ல மேஸ்திரி எங்கிட்ட வந்து கத்தறான்."

செல்வி முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் ஊசிக்குக் கையை நீட்டினாள். பல வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டவர்கள் முகம் அப்படித்தான் இருக்கும். ரத்தம் எடுத்தேன். சிறுநீர் பாட்டிலைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, ரிசல்ட் வரும்வரை உள்ளே பெஞ்சில் உட்காரச் சொன்னேன். வெளியே நல்ல வெயில், உள்ளே ஏசி. உபகாரம் செய்வதாகத்தான் நினைத்தேன்.

வேறு வேலை முடித்துத் திரும்பி வந்து பார்த்தால் செல்வி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளிலும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. மிளகாய் பட்டதுபோல் கண்கள் ரத்தமாக இருந்தன.

"ஏசி எனுக்கு ஆவாதுக்கா. வெளிய குந்திக்கட்டுமா?"

"பாத்தீங்களா, இங்கயும் ஆரம்பிச்சிட்டா" என்றாள் கனகம்மா.

டாக்டர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து, செல்வியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அவளை வராந்தாவுக்கு வெயில் படும் இடத்துக்குக் கூட்டிப்போய், தானும் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"இது எப்போலேர்ந்து வருது?"

"பொறந்ததுலேர்ந்து மேடம்."

"உங்க வீட்ல வேற யாருக்காவது?"

"எங்க நைனாக்கு. ஐஸ் கம்பெனில ஐஸ் பார் ஒடைச்சிக்கினு இருந்தாரு. ராத்திரி முச்சூடும் ஜொரத்துல கெடப்பாரு, காலைல எழுந்து திரும்பவும் போவாரு. கடைசில மொகம் வீங்கி, காலு வீங்கி, கிட்னி பூட்ச்சி."

டாக்டர் மெதுவாகக் கேட்டார். "உனக்குக் குழந்தை இருக்கா?"

"ஒரு பையன். ரெண்டாங்கிளாசு போறான்."

"அவன் எப்படி இருக்கான்?"

"அவனுக்கு இன்னா, நல்லா கீறான்" என்றாள் கனகம்மா.

செல்வி மாமியாரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள். "மழைல நனைஞ்சா அவனுக்கும் இப்பிடித்தான் வரும் மேடம். நான் வூட்ல சொல்லல. அவனயும் நடிக்கிறான்னுடுவாங்க."

சிறுநீர் ரிசல்ட் என் கையில் இருந்தது. புரதம் நிறையப் போயிருந்தது. அது சிறுநீரகத்தில் பழுது ஏறிவிட்டதற்கான அடையாளம். டாக்டரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் 'மறுபடியும்' சொல்லாதது அன்றைக்குத்தான்.

இப்படி ஒரு நோய் உண்டு என்று டாக்டர் படித்திருந்தார். பரம்பரையாக வருவது. கிருமி வந்தால் அடிக்க வேண்டிய மணி, குளிர் பட்டாலே அடித்துவிடும். இங்கே யாரும் பார்த்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை. மரபணுப் பரிசோதனைக்கு ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார். பதில் வர மாதக்கணக்காகும். அதற்குள் செல்லிலேயே பார்த்துவிட வேண்டும் என்றார். மருந்து வெளிநாட்டில்தான் கிடைக்கும், கேட்பதென்றால் கையில் ஆதாரம் வேண்டும்.

சோதனை இதுதான். செல்வியின் ரத்தம், டாக்டரின் ரத்தம், இரண்டையும் எடுக்க வேண்டும். டியூபின் அடியில் அடர்த்தியான ஒரு திரவம் இருக்கும். அதன்மேல் ரத்தத்தை, டியூப் சுவரை ஒட்டி, கலங்காமல் இறக்க வேண்டும். கை கொஞ்சம் அவசரப்பட்டாலும் கலந்துவிடும், எல்லாம் வீண். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் சிவப்பு அடியில் போய்விடும். நடுவில் மெல்லிய வெள்ளை வளையம் மிதக்கும். நமக்கு வேண்டிய அணுக்கள் அதில்தான் இருக்கின்றன. பைப்பெட்டால் அதை மட்டும் உறிஞ்சி, கழுவி, சின்னத் தட்டுகளில் விட்டு, ஒட்டிக்கொள்ளும் செல்களை வைத்துக்கொண்டு மற்றதை ஊற்றிவிட வேண்டும். பிறகு பாதித் தட்டுகளைப் பக்கத்து லேபின் இன்குபேட்டரில் உடம்புச் சூட்டிலும், மீதியை எங்கள் வாட்டர் பாத்தில் அதைவிட ஐந்து டிகிரி குறைத்தும் வைத்திருந்து, சிவப்புச் சாயம் விட்டுப் பார்க்க வேண்டும். சுவர் முழுசாக இருந்தால் சாயம் உள்ளே போகாது. ஓட்டை விழுந்திருந்தால் கரு சிவக்கும்.

எந்தத் தட்டு யாருடையது என்று எனக்குத் தெரியாது. டாக்டர் தானே எழுத்துகளைப் போட்டுக் கலைத்து வைத்துவிடுவார். "உனக்குச் செல்வியைப் பிடிச்சுப்போச்சு. பிடிச்சவங்க பக்கம் கண்ணு சாயும்" என்றார். உண்மைதான்.

முதல் தடவை நடுவில் கரண்ட் போய்விட்டது. சூடு இறங்கி, எல்லாத் தட்டும் ஒரே கதியாகிவிட்டது. இரண்டாவது தடவை இன்னும் மோசம். அது மே மாதம். எங்கள் வாட்டர் பாத்துக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும். அது இருந்த மூலைக்கு ஏசிக் காற்றும் எட்டாது. செல்லுக்குக் குளிர் என்று நாங்கள் வைக்க நினைத்த அளவைவிட அங்கே வெக்கை அதிகமாக இருந்தது. நாங்கள் வேர்வையில் நனைந்துகொண்டு அதற்குக் குளிர் தேடினோம்.

ஒவ்வொரு தடவையும் செல்வி வந்து கை நீட்டினாள். கூடவே கனகம்மாவும் வந்தாள். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டாள். "இன்னாமா, இன்னும் முடியலியா?"

"தண்ணி சூடா இருக்கு, கனகம்மா. குளிர வைக்க முடியல."

"இதுக்கா இம்மா பேஜாரு? ஐஸ் போடறது?"

மறுநாள் அவளே கொண்டுவந்தாள். ஐஸ் கம்பெனியில் வாங்கி, கோணிப்பையில் சுற்றி, கூடையில் வைத்து, ஷேர் ஆட்டோவில் மடியில் ஏந்திக்கொண்டு வந்திருந்தாள். புடவையெல்லாம் நனைந்திருந்தது. "நல்ல ஐஸ்மா. பாத்து நாயமா செய்யுங்க. இவ சொல்றது மெய்யா பொய்யான்னு இன்னிக்கி தெரிஞ்சாவணும்" என்றாள்.

ஐஸை உடைத்து, சின்னச் சின்னத் துண்டாகப் போட்டு, தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஏறினால் ஒரு துண்டு, இறங்கினால் கொஞ்சம் வெந்நீர். மதியச் சாப்பாடு போய்விட்டது. கடைசியில் சாயம் விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

நான்கு வகைத் தட்டுகளில் மூன்றில் செல்கள் அமைதியாக இருந்தன. நான்காவதில் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டிருந்தன. பூரி எண்ணெயில் உப்புகிற மாதிரி ஓரத்தில் ஒரு குமிழி கிளம்பும், மொத்தமும் பெருக்கும், உள்ளே இருந்தது வெளுத்துப்போகும், கரு மட்டும் ஒரு சிவப்புப் புள்ளியாக நிற்கும். கிருமி கிடையாது, விஷம் கிடையாது. கொஞ்சம் குளிர் மட்டும்தான்.

"என்ன பார்த்தே?"

சொன்னேன். எந்தத் தட்டு என்று எழுத்தையும் சொன்னேன். டாக்டர் தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்துப் பார்த்தார். "செல்வி. குளிர்ல வெச்சது" என்றார். பிறகு, எதிர்பார்த்தபடியே, "மறுபடியும்." மறுபடியும் செய்தோம், வேறு நாளில், வேறு எழுத்துகளோடு. அதேதான் வந்தது.

அப்புறம்தான் கனகம்மாவை உள்ளே கூப்பிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். அவளுக்கு ஒரு கண்ணை மூடத் தெரியவில்லை, நான் அதைக் கையால் மறைத்துப் பிடித்தேன்.

"செவப்பு செவப்பா கீது."

"அது உங்க மருமகளோட ரத்தத்துல இருக்கிற செல்லு." தட்டை மாற்றச் சொன்னார். "இது என்னோடது."

"இதுல ஒண்ணும் காணோமே."

"ரெண்டும் ஒரே ஐஸ்லதான் இருந்திச்சு. நீங்க கொண்டுவந்த ஐஸ். என் செல்லுக்கு ஒண்ணும் ஆகல. அவங்க செல்லு குளிர் பட்டதும் தானா ஓட்டை போட்டுக்கிட்டு வெடிக்குது. வெடிச்சு வெளிய வர்றதுதான் அந்த ஜுரம், அந்தத் தடிப்பு, அந்த வலி. அவங்க நடிக்கல."

கனகம்மா கண்ணை எடுக்கவில்லை. வெகுநேரம் குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்தபோது செல்வி பக்கம் திரும்பவில்லை, டாக்டரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அப்போ புள்ளைக்கி?"

பையன் தினேஷின் ரத்தத்தையும் பார்த்தோம். அவனுக்கும் இருந்தது. சிறுநீர் மட்டும் சுத்தமாக இருந்தது. வெளியூரிலிருந்து வந்த மரபணு ரிசல்ட்டும் அதையே சொன்னது. தாத்தாவிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேரனுக்கும் ஓர் எழுத்துப் பிழை வந்திருக்கிறது.

மருந்துக்காக டாக்டர் யார் யாரிடமோ கேட்டார். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இலவசமாகத் தர ஒப்புக்கொண்டது. தினமும் போட வேண்டிய ஊசி. செல்லிலிருந்து கொட்டும் அந்தக் காய்ச்சல் பொருள் போய் வேலை செய்யாமல் தடுக்கும். ஓட்டையை அடைக்காது, கொட்டியதை மட்டும் தடுக்கும். மருந்தை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். அதனால் எங்கள் லேபிலேயே வைத்துக்கொண்டோம். காலையில் மூவரும் வந்துவிடுவார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஊசியை அப்படியே போட்டால் குளிர் எரியும். நான் எடுத்துக் கொடுத்ததும் கனகம்மா வாங்கி இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். குளிர் போன பிறகுதான் தருவாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

முதல் ஊசி போட்ட மறுநாளே தடிப்பு போய்விட்டது. மழைக்காலம் வந்தது. ஒருநாள் செல்வி தலைமுடியெல்லாம் ஈரமாக, சிரித்துக்கொண்டு வந்தாள். "நானும் இவனும் வேணும்னே நனைஞ்சிக்கினே வந்தோம்கா. ஒண்ணும் ஆவல." அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று கொஞ்சம் கோணலாக இருக்கும்.

அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. இரண்டாவது வருஷம் மருந்து வருவது குறைந்தது. கம்பெனியின் திட்டம் மாறிவிட்டது என்றார்கள், கப்பலில் தாமதம் என்றார்கள், சுங்கத்தில் நிற்கிறது என்றார்கள். வந்த பெட்டியைத் திறந்தால் ஒருவருக்குத்தான் இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருப்பது செல்விக்கு. கெடாமல் காப்பாற்ற வேண்டியது பையனுக்கு. இரண்டு பேருக்கும் பாதிப் பாதி போடலாமா என்று கணக்குப் பார்த்தார். பாதி போட்டால் இருவருக்கும் பிரயோசனமில்லை.

செல்வியிடம் சொன்னார். அவள் யோசிக்கவே இல்லை. "அவனுக்குப் போடுங்க மேடம். நான் இப்போ ஐஸ் பக்கமே போறதில்லல்ல, சமாளிச்சிக்கிறேன்."

"நீ யோசிச்சுச் சொல்லு."

"இதுல இன்னா மேடம் யோசிக்கறதுக்கு கீது?"

கனகம்மா குறுக்கே பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கீழே இறங்கிப்போய், ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுததாகச் செல்விதான் என்னிடம் சொன்னாள்.

டாக்டர் கதவு கதவாகத் தட்டினார். பெட்டிகள் வந்தன, நின்றன, வந்தன. வரும்போதெல்லாம் முதலில் பையனுக்கு, மிச்சமிருந்தால் செல்விக்கு. சிறுநீரகம் அவள் அப்பாவுக்குப் போன வழியிலேயே போனது. டயாலிசிஸுக்கு வர ஆரம்பித்தாள். டயாலிசிஸ் அறையிலும் ஏசி. கனகம்மா கம்பளியைப் போர்த்தி, வெந்நீர்ப் பாட்டிலைக் காலடியில் வைத்து, பக்கத்திலேயே இருப்பாள். நர்ஸுகள் வெளியே போகச் சொன்னால், "இவளுக்கு குளிரு ஆவாதும்மா, உங்களுக்கு தெரியாது" என்று அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் விளக்குவாள். ஓட்டை, வெடிப்பு, சிவப்புப் புள்ளி, எல்லாம்.

ஒரு தை மாதம் செல்வி இறந்துபோனாள். பையன் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் டாக்டர் லேபுக்கு வந்து என் பின்னால் நின்றார். நான் மைக்ரோஸ்கோப்பில்தான் குனிந்திருந்தேன், ஆனால் எதையும் பார்க்கவில்லை. என்ன பார்த்தே என்று அவர் கேட்கவில்லை. "பையனோட மருந்து அடுத்த மாசத்துக்கு இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். போய்விட்டார். அந்த வருஷமே அவர் ஓய்வு பெற்றார்.

செல்வி போன பிறகுதான் ஓட்டை போடுவது எது என்று கண்டுபிடித்தார்கள். டாக்டர் ஃபோன் செய்து சொன்னார். வயதாகிவிட்ட குரல், நடுவில் மூச்சு வாங்கியது. கேஸ்டெர்மின் என்ற அந்தப் புரதம் எப்போதும் செல்லுக்குள்தான் இருக்கிறதாம். அதன் வால், தலையை மடக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆபத்து மணி அடித்ததும் வெட்டும் நொதி ஒன்று வந்து நடுவில் வெட்டுகிறது. விடுபட்ட தலைகள் சுவருக்குப் போய், வட்டமாகக் கைகோத்து நின்று ஓட்டையாகின்றன. காய்ச்சல் பொருள் அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. பிறகு தண்ணீர் புகுந்து செல் உப்புகிறது. கடைசியில் செல் கிழிவது கூடத் தானாக நடப்பதில்லை, அதற்கும் தனியாக ஒரு புரதம் இருக்கிறது என்று இன்னும் சில வருஷம் கழித்துத் தெரிந்தது.

"நாம பார்த்தது அதைத்தான், ஜமீலா" என்றார்.

"ஆமா மேடம்" என்றேன். வேறென்ன சொல்ல. எனக்குச் சந்தோஷப்படவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. களைப்பாக இருந்தது. ஃபோனை வைத்த பிறகு அடுத்த டியூபை எடுத்தேன்.

நித்யா, உன் ஸ்லைடில் இருப்பது இவ்வளவுதான்.

ஓய்வுக்குப் பிறகு, போன மாதம், காசிமேட்டுக்குப் போனேன். கனகம்மா இப்போது வேகமாக நடப்பதில்லை, வீட்டு வாசலில் கருவாடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தினேஷ் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குப் போகிறான். ஊசி போட்டுக்கொள்கிறான், மருந்து முன்னைக்கு இப்போது ஒழுங்காகக் கிடைக்கிறது. அவனுடைய சிறுநீர் இன்னும் சுத்தமாகத்தான் இருக்கிறது. அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பெண் திருவொற்றியூர்.

"பொண்ணு வூட்ல எல்லாத்தயும் நானே சொல்லிட்டேன்மா" என்றாள். "மறைக்கல. அந்த பொண்ணு ஊசி எப்பிடி போடறதுன்னு கத்துக்குச்சி."

அந்த ஓட்டையையே அடைக்கிற மருந்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். கருவாட்டின்மேல் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள்.

"இவனுக்கு பொறக்கறதுக்கும் வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி."

கருவாட்டை ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்தாள்.

"வந்தா வரட்டும். அது குளுருதுன்னு சொன்னா நம்பறதுக்கு வூட்ல ஆளு கீது."

வாசலில் ஒரு பெண் வந்து நின்று விலை கேட்டாள். கனகம்மா ஒரு வஞ்சிரக் கருவாட்டை எடுத்து அவளிடம் திருப்பித் திருப்பிக் காட்ட ஆரம்பித்தாள்.